டி11 நெடுந்தூர ஓட்டம்: வழிகாட்டி எதைக் கொடுக்கிறார், எதை எடுத்துக்கொள்கிறார்?

2024 செப்டம்பர் 2 (வாசகர் கேள்வி)

பாரிஸ் பாராலிம்பிக்கில் பார்வையற்றோருக்கான டி11 பிரிவின் ஆண்கள் 5000 மீட்டர் இறுதியைப் பார்த்தேன். பிரேசிலின் ஜூலியோ செசார் அக்ரிபினோ 14:48.85 என்ற உலக சாதனையோடு தங்கம் வென்றார். அசாத்தியமான நேரம், மறுக்கவில்லை. ஆனால் பார்வையுள்ள ஒருவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி கூடவே ஓடுகிறார். அவர் களைத்தால் நடுவில் இன்னொருவரை மாற்றிக்கொள்ளலாம் என்றும் வர்ணனையில் சொன்னார்கள். இன்ஜின் மாறுகிறது, பெட்டி அதே பெட்டி என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் எவ்வளவு பங்கு ஓடியவருடையது?

2024 செப்டம்பர் 2, இரவு

நான் சில ஆண்டுகளாக வழிகாட்டியாக ஓடி வருகிறேன். பெரிய போட்டிகளில் அல்ல. அந்த அளவில் மட்டும் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் என்பது பொருந்தாது. வழிகாட்டி ஓட்டரை இழுத்தாலும் தள்ளினாலும் தகுதிநீக்கம்தான். எல்லைக்கோட்டை ஓட்டருக்கு முன்பாக வழிகாட்டி கடந்தாலும் அதே தண்டனை. கயிறு நீளாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். முழுதாக இழுத்துப் பிடித்தாலும் 30 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ரப்பர் போல நீண்டு சுருங்கும் கயிறாக இருந்தால் அதைக் கொண்டு இழுத்துவிட முடியும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

பிரிவுகளையும் சொல்லிவிடுகிறேன். டி11 என்பது பார்வை அறவே இல்லாத அல்லது ஏறக்குறைய இல்லாத நிலை. இப்பிரிவில் அனைவரும் கண்மறைப்பு அணிந்தாக வேண்டும், வழிகாட்டியுடன் ஓட வேண்டும். ஓரளவு பார்வை உள்ள டி12 பிரிவில் வழிகாட்டி ஓட்டரின் விருப்பம். அதைவிடக் கூடுதல் பார்வை உள்ள டி13 ஓட்டர்கள் தனியாகவே ஓடுகிறார்கள். இரண்டு வழிகாட்டிகள் என்ற அனுமதி 5000 மீட்டருக்கும் அதைவிட நீண்ட ஓட்டங்களுக்கும் மட்டும் உரியது. தளத்தில் (அதாவது அரங்கின் ஓடுபாதையில்) அந்த மாற்றத்தை ஒருமுறைதான் செய்யலாம், அதுவும் எல்லைக்கோட்டுக்கு எதிர்ப்பக்கம் உள்ள பின் நேர்ப்பகுதியில், பிறருக்கு இடையூறு இல்லாமல்.

2024 செப்டம்பர் 4

விதிகளை அடுக்கிவிட்டேனே தவிர உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. வழிகாட்டி உண்மையில் என்ன செய்கிறார் என்பதைச் சொன்னால்தான் அவர் என்ன கொடுக்கிறார் என்பது விளங்கும்.

நாங்கள் பயன்படுத்தும் கயிறு பருத்தி நாடாவைப் பின்னிச் செய்தது. இரு முனைகளிலும் விரல்கள் நுழையும் அளவுக்கு ஒவ்வொரு வளையம். என்னுடன் ஓடும் அண்ணன் அதை வலது கையிலும் நான் இடது கையிலும் பிடித்துக்கொள்கிறோம். இணைந்த கைகள் சேர்ந்து முன்னால் போகின்றன, சேர்ந்து பின்னால் வருகின்றன. அப்படியானால் கால்கள் கண்ணாடிப் பிம்பமாக இயங்க வேண்டும்: அவருடைய இடது காலும் என்னுடைய வலது காலும் ஒரே நேரத்தில் முன்னேறும். அரை அடி பிசகினாலும் முழங்கைகள் மோதிக்கொள்ளும். வேகமாக ஓடும்போது அந்த மோதல் நேரே தோளுக்கு ஏறி, இரண்டு பேருடைய ஓட்டத்தையும் ஒன்றாகக் கலைத்துவிடும்.

அண்ணன் என்னைவிடக் குட்டை, அவருடைய இயல்பான எட்டும் குறுகியது. எனவே ஓடும் நேரம் முழுவதும் நான் என் எட்டைச் சுருக்கி அவருடைய தாளத்துக்கு வந்தாக வேண்டும். அவர் என் தாளத்துக்கு வரலாமே என்று புதியவர்கள் கேட்பதுண்டு. வரலாம், வந்தால் அது அவருடைய ஓட்டமாக இராது, நேரமும் கெடும்.

இதோடு பேச வேண்டும். "வளைவு, மூணு, ரெண்டு, ஒண்ணு", "நேர்", "முன்னால ஒரு ஜோடி, பத்து மீட்டர்", "வெளியே போறோம்", "உள்ளே வரலாம்". அக்ரிபினோவின் நேரத்தைக் கிலோமீட்டருக்குப் பிரித்தால் ஏறத்தாழ 2 நிமிடம் 58 விநாடி வரும். நன்றாகப் பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கிலோமீட்டரை அந்த வேகத்தில் ஓடி முடிப்பதே பெரிய காரியம். அதே வேகத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டே தெளிவாகப் பேசுபவரைத் தேடுங்கள், வழிகாட்டி ஏன் ஓட்டரைவிட வேகமானவராக இருக்க வேண்டும் என்பது தெரியும். இரண்டாவது வழிகாட்டி தேவைப்படுவதும் இதனால்தான். ஓட்டர் உயரே போகப் போக, அவரைவிட வேகமான துணை கிடைப்பது அரிதாகிறது.

2024 செப்டம்பர் 4, பின்னிரவு

இந்தக் கேள்வி-பதிலுக்கு நேரடித் தொடர்பில்லாத ஒன்று. அந்த இறுதியில் வெள்ளி வென்றவரின் பெயர் கென்யா கரசவா. அவர் ஜப்பானியர், கென்யா என்பது அவருடைய இயற்பெயர். முடிவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு "கென்யாவுக்கு வெள்ளி" என்று எனக்குச் செய்தி அனுப்பிய நண்பருடன் அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது.

2024 செப்டம்பர் 6

வழிகாட்டி கொடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் எடுத்துக்கொள்வதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் தடத்தின் 400 மீட்டர் என்பது உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கப்படும் நீளம். தனியாக ஓடுபவர் அந்தக் கோட்டை ஒட்டியே ஓடலாம். வழிகாட்டி உட்புறம் ஓடினால் அந்தக் கோடு வழிகாட்டிக்குப் போய்விடும், ஓட்டர் வெளியே தள்ளப்படுவார். இரு உடல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 65 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வளைவுகளும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். ஆகவே ஒரு சுற்றுக்கு 2 × 3.14 × 0.65, அதாவது நான்கு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 5000 மீட்டர் என்பது பன்னிரண்டரைச் சுற்று. மொத்தம் ஏறத்தாழ 51 மீட்டர். அக்ரிபினோவின் வேகத்தில் 51 மீட்டருக்கு ஒன்பது விநாடி ஆகும்.

முந்துவதை இதில் சேர்க்கவில்லை. தனி ஓட்டர் ஒருவரை முந்த ஓர் உடலின் அகலம் வெளியே போனால் போதும். இங்கே ஒரு ஜோடி இன்னொரு ஜோடியை முந்த வேண்டும். வளைவில் அதைச் செய்தால் வெளிப்பக்கம் ஓடுபவர் ஏறக்குறைய மூன்றாம் தடத்துக்கே போய்விடுவார். ஆகவே அனுபவமுள்ளவர்கள் வளைவு முழுவதும் பொறுத்திருந்து நேர்ப்பகுதி வந்ததும் முந்துகிறார்கள். தொலைக்காட்சியில் டி11 ஓட்டம் பார்க்கும்போது நகர்வுகள் எல்லாம் நேர்ப்பகுதிகளில் குவிவதைக் கவனிக்கலாம். வளைவில் துணிந்து முந்தும் ஜோடி ஒன்று மிகவும் வலிமையானதாக இருக்கும், அல்லது கணக்குத் தெரியாததாக இருக்கும்.

2024 செப்டம்பர் 7

"அப்படியானால் ஓட்டரை உட்புறம் விட்டு வழிகாட்டி வெளியே ஓட வேண்டியதுதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அப்படியும் ஓடலாம், நாங்கள் அப்படித்தான் ஓடுகிறோம். அப்போது அந்த 51 மீட்டர் என் கணக்கில் சேரும், அது நியாயம்தான். ஆனால் ஓட்டரின் இடது காலுக்குப் பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள உள்விளிம்பு இருக்கிறது. பார்ப்பவருக்கு அது ஒரு கோடு, பாராதவருக்கு அது கணுக்கால் பிசகும் இடம். ஆகவே அண்ணன் விளிம்பிலிருந்து சற்று விலகியே ஓடுகிறார். அந்த விலகலுக்கும் தூரம் உண்டு. முழுக் கணக்கையும் மிச்சப்படுத்த முடியாது, பாதியை மிச்சப்படுத்தலாம்.

வலக்கைப் பழக்கமும் இதில் குறுக்கிடுகிறது. எந்தப் பக்கம் துணை இருந்தால் தோள் இறுகாமல் ஓட முடிகிறது என்பது ஓட்டருக்கு ஓட்டர் வேறுபடும். விளிம்பின் பக்கம் ஓட மனம் ஒப்பாத ஓட்டரைக் கணக்கைக் காட்டி அங்கே தள்ளினால், அச்சத்தில் அவர் இழக்கும் நேரம் ஒன்பது விநாடியைவிட அதிகமாகக்கூட இருக்கும்.

2024 செப்டம்பர் 9

நேற்றைய மாரத்தானைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். தள ஓட்டம் அல்ல என்றாலும் கயிறு அதே கயிறு. டி12 பெண்கள் மாரத்தானில் (டி11 ஓட்டர்களும் இதில்தான் ஓடுகிறார்கள்) ஸ்பெயினின் எலெனா கோங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். 2016 ரியோவில் இதே ஓட்டத்தில் தங்கம் வென்றவர். எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டர் இருக்கும்போது அவருடைய வழிகாட்டிக்குத் தசைப்பிடிப்பு வந்து விழப்போனார். கோங்கோஸ்ட் ஒரு கணம் கயிற்றை விட்டுவிட்டு அவரைத் தாங்கினார், மீண்டும் பிடித்துக்கொண்டு கோட்டைக் கடந்தார். தகுதிநீக்கம். வெண்கலம் அவருக்கு மூன்று நிமிடத்துக்கும் மேல் பின்னால் வந்த ஜப்பானின் மிசாடோ மிச்சிஷிடாவுக்குப் போனது.

என் முதல் எண்ணம்: விதி தெளிவாக இருக்கிறது, கோட்டைக் கடக்கும் வரை கயிறு கையில் இருக்க வேண்டும். நடுவர் வேறு என்ன செய்ய முடியும்?

2024 செப்டம்பர் 10

நேற்று எழுதியது என்னை உறங்கவிடவில்லை. விதி தெளிவாக இருப்பது உண்மை. ஆனால் அந்த விதி எதற்காக? துணையில்லாமல் ஓட முடிகிற ஒருவர், துணையோடு ஓடுவதற்குரிய பிரிவில் நுழைந்து, கடைசியில் கயிற்றைக் கழற்றி வீசிவிட்டு முந்திவிடக் கூடாது என்பதற்காக. வழி தெரியாத ஒருவர் தனியே ஓடிப் பிறர்மேல் மோதாமல் இருப்பதற்காகவும்தான். கோங்கோஸ்ட் கயிற்றை விட்டபோது நின்றேவிட்டார், முந்தவில்லை. யாருக்கும் இடையூறும் இல்லை. நோக்கம் மீறப்படாத இடத்தில் எழுத்து மட்டும் மீறப்பட்டது.

இதை எழுதும்போது 2000 சிட்னியின் 5000 மீட்டர் நினைவுக்கு வருகிறது. கென்யாவின் ஹென்றி வான்யோய்கே இருபது வயதைத் தாண்டிய பருவத்தில், 1995-இல், பக்கவாதத்தால் ஓர் இரவில் பார்வையின் பெரும்பகுதியை இழந்தவர். சிட்னியில் அவர் முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்தபோது நோயுற்றிருந்த வழிகாட்டிக்கு உடல் தளர்ந்துவிட்டது. வான்யோய்கே அவரை இழுத்துக்கொண்டே ஓடி முடித்துத் தங்கம் வென்றார். வழிகாட்டி ஓட்டரை இழுத்தால்தான் குற்றம், ஓட்டர் வழிகாட்டியை இழுத்தால் அது அவருக்கு நேர்ந்த இழப்பு மட்டுமே. இரண்டு நிகழ்வுகளிலும் வழிகாட்டியின் உடல்தான் தோற்றது. கயிற்றை விடாமல் இழுத்தவருக்குத் தங்கம், விட்டுத் தாங்கியவருக்கு ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் நடுவருக்குத் தம் தீர்ப்பைப் பயன்படுத்தும் உரிமை விதியிலேயே இருக்க வேண்டும் என்பது இப்போதைய என் கருத்து.

2024 செப்டம்பர் 10, மாலை

ஒரு வாசகர்: "உரிமை கொடுத்தால் அடுத்த போட்டியில் எல்லா வழிகாட்டிக்கும் தசைப்பிடிப்பு வரும்." 42 கிலோமீட்டர் ஓடிய பிறகு தசைப்பிடிப்பை நடிக்கத் தேவையே இராது, அது அழையாமலே வரும். ஆனால் எதிர்வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆகவே உரிமைக்கு ஒரு வேலி: கயிறு விடுபட்ட இடத்துக்குத் திரும்பி வந்து பிடித்துக்கொண்டு தொடர்ந்தால் தகுதி நிலைக்கலாம். ரிலே ஓட்டத்தில் கீழே விழுந்த கோலை அதைத் தவறவிட்டவரே எடுத்துக்கொண்டு, தூரத்தைக் குறைக்காமல் ஓடலாம் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அதே அறிவு இங்கேயும் செல்லும்.

2024 செப்டம்பர் 13

முதல் கேள்வியைக் கேட்டவர் விடாப்பிடியானவர். "இழுக்கவில்லை, சரி. தூரத்தைக் கூட்டுகிறார், அதுவும் சரி. ஆனால் பக்கத்தில் ஒருவர் வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்வது உதவியே இல்லையா?" என்கிறார்.

உதவிதான். இங்கே அவருக்குப் பாதி ஒப்புதல் தர வேண்டும், நெடுந்தூர ஓட்டத்தில் இது சிறிய பாதியும் அல்ல.

பார்வையுள்ளவர்களின் உலகப் போட்டி இறுதிகளில் வேக முன்னோடி, அதாவது முன்னால் ஓடி வேகத்தை வகுத்துக் கொடுப்பவர், கிடையாது. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, யாரும் முன்னால் போக விரும்பாமல், மெதுவாக ஓடிக் கடைசிச் சுற்றில் மோதுவார்கள். 2016 ரியோவில் நடந்ததைப் பாருங்கள். ஒலிம்பிக் 1500 மீட்டரை அமெரிக்காவின் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் 3:50.00-இல் வென்றார். சில வாரங்களுக்குப் பின், அதே ஊரில், பாராலிம்பிக் டி13 இறுதியில் அல்ஜீரியாவின் அப்தெல்லத்தீஃப் பாக்கா 3:48.29-இல் வந்தார். எத்தியோப்பியாவின் தமிரு டெமிஸ்ஸே, கென்யாவின் ஹென்றி கிர்வா, நான்காவதாகப் பதக்கமின்றி வந்த பாக்காவின் உடன்பிறந்தவர் ஃபுவாத் என நால்வருமே ஒலிம்பிக் தங்கத்தின் நேரத்தைவிட வேகம். "பார்வைக் குறைபாடுள்ளவர்கள் ஒலிம்பிக் வீரர்களைவிட வேகமானவர்கள்" என்று அப்போது பலரும் பகிர்ந்தார்கள். உண்மை அதுவல்ல. ஒலிம்பிக் இறுதி தந்திரத்துக்காக மெதுவாக ஓடப்பட்டது, டி13 இறுதி தொடக்கத்திலிருந்தே ஓடப்பட்டது. சென்ட்ரோவிட்ஸின் வேறு ஓட்டங்களைப் பார்த்தாலே இது புரியும். பாக்காவின் பெருமையை இது குறைக்கவும் இல்லை. 3:48.29 என்பது எந்தத் தளத்திலும் எழுந்து நின்று பார்க்க வேண்டிய ஓட்டம்.

இதிலிருந்து டி11-க்கு வருகிறேன். இங்கே ஒவ்வொருவருக்கும் தனி முன்னோடி ஒருவர் விதிப்படியே பக்கத்தில் இருக்கிறார். சுற்றுக்கு 71 விநாடி என்று முடிவு செய்தால் அதைச் சொல்ல ஒருவர் உண்டு. பின்னால் வருபவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். இது மூளைக்குக் கிடைக்கும் ஓய்வு. இந்த அளவில் உங்கள் வாதம் நிற்கிறது.

ஆனால் முழுதாக நிற்கவில்லை. தனி ஓட்டர் கண்ணால் ஒரே பார்வையில் எடுத்துக்கொள்வதை டி11 ஓட்டர் சொல்லாகத்தான் பெறுகிறார், சொல் எப்போதும் அரை விநாடி தாமதமாகத்தான் வரும். எதிராளியின் தோள் இறுகுகிறது, தலை ஆடத் தொடங்கிவிட்டது, முகம் வெளிறுகிறது என்பதை எல்லாம் நான் சொன்னால்தான் அண்ணனுக்குத் தெரியும். சொல்வதற்குள் அந்த ஜோடி நகர்ந்திருக்கும். முன்னோடியைப் பெற்று எதிராளியின் முகத்தை இழக்கும் பண்டமாற்று இது. 5000 மீட்டரில் முன்னோடிதான் கூடுதல் மதிப்பு என்பேன். 1500-இல் அப்படிச் சொல்ல மாட்டேன், அங்கே அரை விநாடிதான் பந்தயம்.

2024 செப்டம்பர் 14

கண்மறைப்பு பற்றி. டி11-இல் சிலருக்கு ஒளி மட்டும் தெரியும், சிலருக்கு அதுவும் தெரியாது. அந்த வேறுபாட்டை அழிப்பதற்காகவே எல்லாருக்கும் மறைப்பு. நானும் பயிற்சிக்காக அதை அணிந்து ஓடிப் பார்த்திருக்கிறேன். முதலில் வந்தது இருட்டைப் பற்றிய அச்சம் அல்ல, வியர்வை. புருவத்திலிருந்து வழிந்தது வெளியேற இடமில்லாமல் உள்ளேயே தேங்கி எரியத் தொடங்கியது. கையால் தள்ளிவிடவும் முடியாது. மறைப்பைத் தொட்டால் விதிச் சிக்கல் வரும், ஒரு கை கயிற்றில் வேறு. இரண்டாவதாக, சாய்வு. வளைவுக்குள் நுழையும்போது உடல் உட்பக்கம் சாய வேண்டும் என்பதைக் கண்தான் சொல்லி வந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். துணையின் "ஒண்ணு" என்ற சொல்லுக்கும் என் சாய்வுக்கும் இடையே வந்த இடைவெளியில் கயிறு விறைத்து விரலை அறுத்தது. அதற்குப் பிறகு நான் எண்ணுவதைச் சற்று முன்னதாகவே தொடங்குகிறேன்.

2024 செப்டம்பர் 18

வழிகாட்டிக்குப் பதக்கம் உண்டா? உண்டு, ஒரு நிபந்தனையோடு. ஓட்டம் முழுவதும் ஒரே வழிகாட்டி ஓடினால் ஓட்டரோடு அவரும் மேடையேறிப் பதக்கம் பெறுவார். இருவரைப் பயன்படுத்தினால் இருவருக்கும் கிடையாது. 1500 மீட்டரில் மாற்றத்துக்கே இடமில்லை, எனவே அங்கே சிக்கல் எழாது. பிரேசிலின் யெல்ட்சின் ஜாக்கஸ் டோக்கியோவில் 1500-ஐ வென்றதையும், பாரிஸில் அதை 3:55.82 என்ற உலக சாதனைக்குக் கொண்டுபோனதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே துணை ஒருவர்தான், பதக்கமும் அவருக்குண்டு.

5000 மீட்டரில்தான் கடினமான தேர்வு வருகிறது. புதிய கால்கள் வேண்டுமா, துணைக்குப் பதக்கம் வேண்டுமா? ஓட்டருக்குப் பொதுவாகப் புதிய கால்களே நல்லது. ஆகவே வழிகாட்டிகள் தங்கள் பதக்கத்தைத் தாங்களே விட்டுக்கொடுத்து, பாதித் தூரம் ஓடி ஓரம் ஒதுங்குகிறார்கள். பின் நேர்ப்பகுதியில் கயிற்றைக் கைமாற்றிய முதல் வழிகாட்டியின்பால் கேமரா திரும்புவதே இல்லை. மாற்றம் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் மிக வேகமான ஓட்டர்கள் தங்களைவிட வேகமான ஒருவரைத் தேடி அலைய வேண்டிவரும், துணைக்குப் பொருள் கொடுக்க இயலாத நாடுகளின் ஓட்டர்கள் முதலில் அடிபடுவார்கள். மாற்றம் இருக்கட்டும், இருவருக்கும் பதக்கம் கொடுத்தால் எந்தக் கணக்கு உதைக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. ரிலே அணியில் நால்வருக்கும்தானே கொடுக்கிறார்கள்.

2024 செப்டம்பர் 19

மேலே எழுதியதற்கு ஓர் எதிர்ப்பு: "ரிலேயில் நால்வரும் போட்டியாளர்கள். வழிகாட்டி போட்டியாளரா?" நல்ல குத்து. விதிநூலின் போக்கே இதில் இரு மனமாக இருக்கிறது. வழிகாட்டி தவறு செய்தால் ஓட்டருக்குத் தகுதிநீக்கம் என்கிற இடத்தில் இருவரையும் ஓர் அணியாகப் பார்க்கிறது. பதக்கம் என்று வரும்போது, இருவராகிவிட்டால் வழிகாட்டியை மாற்றத்தக்க பொருளாகப் பார்க்கிறது. தண்டனைக்கு அணி, பரிசுக்குத் தனி.

2024 செப்டம்பர் 22

பெண்கள் 5000 மீட்டர் எங்கே என்று ஒரு வாசகி கேட்கிறார். பாராலிம்பிக் நிரலில் பார்வைக் குறைபாடுள்ள பெண்களுக்குத் தளத்தில் மிக நீண்ட ஓட்டம் 1500 மீட்டர். அதற்கு மேல் போக விரும்பினால் நேரே மாரத்தான். நடுவே ஒன்றுமில்லை. ஆண்களுக்கு டி11, டி13 இரண்டிலும் 5000 இருக்கிறது. மெக்சிகோவின் மோனிகா ஒலிவியா ரோட்ரிகஸ் டோக்கியோவில் 1500-ஐ 4:37.40-இல் ஓடி உலக சாதனை படைத்தார். அப்படி ஓடுபவருக்கு 5000 மீட்டரில் என்ன நேரம் வரும் என்பதைப் பாராலிம்பிக் தளத்தில் பார்க்கும் வாய்ப்பே நமக்கு இல்லை. போதுமான போட்டியாளர்கள் இல்லை என்பது வழக்கமான காரணம். நிரலில் இல்லாத தூரத்துக்கு எந்தப் பயிற்சியாளர் ஒருவரைத் தயார் செய்வார் என்பது அதற்கு வழக்கமான பதில். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சுற்றுகின்றன.

ஆண்களின் பக்கமும் சுருங்கியிருக்கிறது. வான்யோய்கே 2004 ஏதென்ஸில் 5000-ஐ 15:11.07-இலும் 10,000-ஐ 31:37.25-இலும் வென்றார். அந்த 10,000 மீட்டர் 2012 லண்டனிலிருந்து நிரலில் இல்லை. இருபத்தைந்து சுற்று, கண்மறைப்போடு, கயிற்றோடு. பார்ப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்கிறார்கள். எனக்கோ, தந்திரத்துக்கு நேரம் இருந்த ஒரே தள ஓட்டம் அதுவே. வழிகாட்டி மாற்றத்தை எந்தச் சுற்றில் செய்வது என்பதே அங்கே பாதிப் பந்தயம்.

2024 செப்டம்பர் 23

வயதைப் பற்றி ஒரு வரி. ஜப்பானின் ஷின்யா வாடா 2012 லண்டனில் 5000-இல் வெண்கலம் வென்றார், டோக்கியோவில் அதே தூரத்தில் மீண்டும் வெண்கலம், அப்போது வயது 44. துணையோடு ஓடும் ஓட்டத்தில் பழக்கம் சேரச் சேர மிச்சமாகும் ஆற்றல் அதிகம் என்பதுதான் என் ஊகம். இளமையில் முழங்கை மோதலில் வீணான சக்தி நாற்பதில் வீணாவதில்லை.

2024 செப்டம்பர் 29

வழிகாட்டியாக ஓடத் தொடங்க விரும்பும் ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். வேகத்தைப் பற்றி முதலில் கவலைப்படாதீர்கள். நீங்கள் துணை போகவிருக்கும் ஓட்டரின் 5000 நேரத்தைவிட ஒரு நிமிடமாவது குறைவாக உங்களால் தனியே ஓட முடிந்தால் போதும். அதன்பின் பேச்சுதான் பயிற்சி.

அதிகம் பேசாதீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் அச்சத்தில் எல்லாவற்றையும் சொல்கிறார்கள்: "நல்லா போகுது, சூப்பர், இன்னும் கொஞ்சம்". ஓட்டருக்கு அது இரைச்சல். பார்வையாளர்களின் கூச்சலுக்கு நடுவே உங்கள் குரலைப் பிரித்தெடுக்க அவர் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறார். கடைசிச் சுற்றின் மணி அவருக்கே கேட்கும், அதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. மணிக்குப் பின் யார் எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லுங்கள்.

உங்கள் களைப்பை மறைக்க முடியும் என்று எண்ண வேண்டாம். ஒரு பயிற்சியில் நான் நன்றாக இருப்பதாகவே நினைத்து ஓடிக்கொண்டிருந்தேன். அண்ணன் திடீரென்று, "தம்பி, பேச்சு சுருங்குது. மூச்சு வாங்குதா?" என்றார். அதுவரை "வளைவு, மூணு, ரெண்டு, ஒண்ணு" என்றிருந்தது வெறும் "வளைவு" ஆகியிருந்தது, எனக்கே தெரியவில்லை. கயிற்றில் என் கை சற்றுத் தாழ்ந்ததையும் அவர் கவனித்திருந்தார். நான் அவருக்குத் தளத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் என்னை அளந்துகொண்டே வந்திருக்கிறார். அடுத்த சுற்றை அவர்தான் மெதுவாக்கினார். முதல் கேள்வியில் இருந்த "எவ்வளவு பங்கு" என்பதற்கு விகிதம் எதுவும் என்னால் தர முடியாமல் போவது இதனால்தான். வேகத்தை யார் முடிவு செய்கிறார் என்பது சுற்றுக்குச் சுற்று மாறுகிறது.

மாற்றத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று. இரண்டாவது வழிகாட்டி எந்தப் பக்கம் வரப்போகிறார், கயிற்றின் வளையத்தை முதலாமவர் விட்ட பின் எடுப்பதா, விடுவதற்கு முன்பே இரண்டு கைகளும் ஒரு கணம் சேர்ந்து பிடிப்பதா என்பதை முன்கூட்டியே பேசி, ஓட்ட வேகத்திலேயே பலமுறை பழகுங்கள். நடந்து பழகியது ஓடும்போது உதவாது. புதிதாக வருபவர் முதல் சொல்லாகத் தம் பெயரைச் சொல்லட்டும், பிறகு அடுத்த வளைவுக்கு எத்தனை அடி என்று சொல்லட்டும். முதலாமவர் வெளிப்புறமாக விலகட்டும், உட்புறம் அல்ல. உட்புறம் விலகினால் பின்னால் முழு வேகத்தில் வரும் ஜோடியின் பாதையைக் கடந்தாக வேண்டிவரும்.

2024 செப்டம்பர் 30

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது: கயிற்றை ஈரமாக்கி ஒருமுறை பழகுங்கள். வியர்வையில் நனைந்த பருத்தி நாடா சுருங்கி, வளையம் விரலைப் பிடித்துக்கொள்ளும். மாற்றம் நடக்கும் நேரத்தில் முதலாமவரின் விரல் அதிலிருந்து வெளிவராமல் போனால், இரண்டு வழிகாட்டிகளும் ஓர் ஓட்டரும் ஒரே கயிற்றில் வளைவுக்குள் நுழைவார்கள். பயிற்சியில் எங்களுக்கு அது நேர்ந்திருக்கிறது. சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று, இப்போது வளையத்தை ஒரு விரல் அகலம் கூட்டிப் பின்னுகிறோம்.